இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொரு மரங்கள்

பங்கு போட்டதில் மிஞ்சியது முனியுடையது. அதை மனிதர் தொடக்கூடாது. எங்கள் தோட்டத்தில் இதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, எல்லாருக்கும் தெரியும். முனியாண்டி சாமிக்கு ஆடு வெட்டினால், கோயில் முன்னால் வாழையிலையைப் பரப்பி, வீட்டுக்கு ஒரு கூறு என்று கறியைப் பிரித்து வைப்பார்கள். எல்லாக் கூறும் சமமாக வரும்வரை கையால் எடுத்து எடுத்து மாற்றுவார்கள். கடைசியில் ஒரு துண்டு எந்தக் கூறிலும் சேராமல் நிற்கும். அதைக் கொண்டுபோய்த் தோட்டத்து எல்லையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். பார்த்தால் பின்னாலேயே வரும் என்பார்கள். என்ன வரும் என்று கேட்டவர் இல்லை.

கறிக்கு இருந்த அந்தச் சட்டம் மரத்துக்கு வந்த கதையைத்தான் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டி எழுதுகிறவள் நான். ஆனால் எண்ணிக்கையில் என்னை ஏமாற்றியவர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மலாயாவில் அலோர் காஜாவுக்கு வடக்கே, கப்பி ரோட்டை ஒட்டிய தோட்டம் எங்களுடையது. நான் வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ ரப்பர் விலை விழுந்தது. ஆள் குறைத்தார்கள். லயத்தில், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், பல பூட்டிக் கிடந்தன. எனக்கு அதற்குள் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன. ஒன்று வயிற்றிலேயே போனது, ஒன்று பெயர் வைப்பதற்குள் போனது. மூன்றாவது வயிற்றில் அசையத் தொடங்கியிருந்த நேரம் அது. அதனால் எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். ஆந்தை கத்தினால் பயம். வெயில் ஏறிய பிறகு ரப்பர்க்காய் பட்டென்று வெடித்து விதை தெறித்தால்கூட வயிற்றைக் கையால் பொத்திக்கொள்வேன்.

நாங்கள் பால் வெட்டிய காட்டுக்குப் பள்ளத்துக்காடு என்று பெயர். மேலே ரோட்டோரம் பெரட்டுக்களம், அதாவது காலையில் எங்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம். அங்கிருந்து மரங்கள் நிரை நிரையாகச் சரிவில் இறங்கி அடியில் ஓடையில் முடியும். ஓடைக்கு அந்தப் பக்கம் எங்கள் இடுகாடு. என் பிள்ளை அங்கேதான் இருந்தது.

அந்த வருஷம்தான் புதிதாக வெட்டத் திறந்த காடு அது. மொத்தம் எத்தனை மரம் என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி எண்ணிச் சொன்னார்: இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று. கங்காணி அதை ஆளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுப்பார். பெரட்டுக்களத்திலிருந்து எண்ணத் தொடங்கி, ஒருவர் பங்கு முடிகிற மரத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கீழே இறங்குவார். நாங்கள் அப்போது பத்துப் பேர். ஆளுக்கு இருநூற்று ஐம்பத்திரண்டு மரம். கடைசிப் பங்கு என்னுடையது. என் பங்கும் முடிந்த பிறகு, ஓடைக்கரையில் ஒற்றை மரம் ஒன்று மிஞ்சி நின்றது.

"இது யாருக்கு?" என்றார் கங்காணி.

பெண்களில் மூத்தவள் ஒரு அக்கா. மேட்டுப் பங்கு அவளுடையது. வாயாடி என்று துரைக்கே தெரியும். அவள்தான் சொன்னாள்: "முனிக்குக் குடுத்துடுங்க கங்காணி. சும்மாதானே ஒக்காந்திருக்காரு, அவரும் ஒரு மரம் வெட்டட்டும்."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் மறுநாள் யாரும் அந்த மரத்தில் கத்தி வைக்கவில்லை. பால் பிடிக்கிற மங்கும் கட்டவில்லை. கங்காணியும் ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு பெரியவர் ஒருவர் காய்ச்சலில் விழுந்தார். மாட்டு வண்டியில் மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. மீதி ஒன்பது பேர். கங்காணி மறுபடி மேலேயிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். ஆளுக்கு இருநூற்று எண்பது. கடைசியில் ஒரு மரம் மிஞ்சியது. அதே மரம்.

"பத்துக்கும் ஒண்ணு, ஒம்பதுக்கும் ஒண்ணா?" என்றாள் அக்கா. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அடுத்துப் புருஷன் பெண்டாட்டி இருவரைக் கப்பலேற்றி ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். ஏழு பேர். ஆளுக்கு முந்நூற்று அறுபது என்று பிரித்தால் அப்போதும் ஒன்று மிஞ்சியது. கங்காணி தான் தப்பாக எண்ணிவிட்டதாக நினைத்து மேலே ஏறிப் போய் இன்னொரு தடவை எண்ணிக்கொண்டு வந்தார். வந்து அந்த மரத்தின் முன்னால் சுண்ணாம்புக் கையோடு நின்றார். முகத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு மேலே இருந்த பங்கை வெட்டிக்கொண்டிருந்தவர் கல்யாணமாகாத வாலிபர், நல்ல திடகாத்திரமான ஆள். மழை ஓய்ந்த ஒரு வாரத்தில் குளிர்காய்ச்சல் வந்து அவரும் போய்விட்டார். ஓடையைத் தாண்டித்தான் தூக்கிப் போனார்கள். ஆறு பேர் மிச்சம். ஆளுக்கு நானூற்று இருபது. முதுகு ஒடிகிற வேலை. ஆனால் வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு மரம் மிஞ்சியதைப் பற்றித்தான் லயமெல்லாம் பேச்சு.

"அது கூறு கேக்கல, ஆளு கேக்குது" என்றார்கள். ஆள் குறையக் குறைய மிஞ்சுகிற மரமும் முன்னே பின்னே ஆகவேண்டும் அல்லவா? சில நேரம் இரண்டு மிஞ்ச வேண்டும், சில நேரம் மூன்று மிஞ்ச வேண்டும், சில நேரம் ஒன்றும் மிஞ்சாமல் போகவேண்டும். எப்போது பிரித்தாலும் ஒன்றே ஒன்று, அதுவும் இடுகாட்டைப் பார்த்து நிற்கிற மரம் என்றால் அது கணக்கு இல்லை, கண் என்று நானும் நம்பினேன்.

கடைசிப் பங்குக்காரி நான். விடிகிற நேரத்தில் பனி மூடிய சரிவில் இறங்கி அந்த மரத்துக்குப் பக்கத்து மரம் வரை வெட்டவேண்டும். மற்ற மரமெல்லாம் நெஞ்சில் கோடு கோடாகக் கிழிபட்டு மங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அது மட்டும் கீறலே இல்லாமல், பட்டையில் பாசி படர்ந்து, வேலைக்கு வராத ஆள் வேலை செய்கிறவர்களைப் பார்ப்பதுபோல நிற்கும். நான் அதற்கு முதுகைக் காட்டமாட்டேன். பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வெட்டுவேன். வயிற்றில் பிள்ளை அசையாமல் இருக்கும் நாளில் அதைப் பார்க்கவே மாட்டேன்.

துரை ஒரு நாள் ஓடைப் பக்கமாக வந்தார். கைத்தடியால் அந்த மரத்தைத் தட்டி, "இது ஏன் சும்மா நிக்குது கங்காணி?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டார். கங்காணி என்ன சொன்னாரோ தெரியாது. அன்று சனிக்கிழமை. பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வரும்போது என்னைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, அந்த மரம் உன் பங்கை ஒட்டித்தான் நிக்குது. திங்கக்கெழம நீ கத்தி வைக்கணும்."

"நானாங்கய்யா?"

"பின்ன யாரு, நானா?"

"வயித்துப் பிள்ளைக்காரிங்கய்யா."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "துரை சொன்னா சொன்னதுதான்" என்றார். அவருக்கும் பயம் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய?

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு ஸ்டோரில் பாலை உறையவைத்து ஷீட் போடும் வேலை. கதவைச் சாத்தினார். பிறகு, "ஓடிடலாமா?" என்றார்.

"எங்க?"

அந்தக் காலத்தில் வேறு எந்தத் தோட்டத்தில் எடுப்பார்கள்? ஓடினால் காட்டில்தான் கிடக்கவேண்டும், ஓடாவிட்டால் மரத்தடியில். என் மூன்றாவது பிள்ளைக்கு இரண்டில் எது நல்லது என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலையில்லை. அடுப்பெரிக்க ஒரு சாக்கு ரப்பர் விதை பொறுக்கி வைத்திருந்தேன். எண்ணெய் விதை அது, நன்றாக எரியும். அதை வீட்டுத் தரையில் கொட்டினேன். எத்தனை பேர் இருந்தால் அந்த மரம் மிஞ்சாமல் போகும் என்று பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். எட்டுப் பேருக்கு மிஞ்சாது என்றால் கங்காணி காலில் விழுந்தாவது எட்டுப் பேராக்கச் சொல்லலாம். எனக்கு நூறு வரை எண்ண வரும். நூறு ஆனதும் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டேன். இருபத்தைந்து கோடு, அதற்கு மேல் இருபத்தொரு விதை. மிச்சத்தைச் சாக்கிலேயே போட்டுவிட்டேன்.

பிறகு கறிக்குக் கூறு போடுவதுபோல, ஒன்று ஒன்றாகச் சுற்றி வைத்தேன். எட்டுக் கூறு வைத்தேன். ஒன்று மிஞ்சியது. எல்லாவற்றையும் கூட்டித் தள்ளி ஐந்து கூறாக வைத்தேன். அதற்கும் ஒன்று. நாலு, மூன்று, இரண்டு எல்லாவற்றுக்கும் ஒன்று. ஆறும் ஏழும் ஒன்பதும் பத்தும் காட்டில் பார்த்தாயிற்று. அப்படியானால் நாங்கள் ஒவ்வொருவராகச் செத்து இரண்டு பேராக நின்றாலும் அந்த மரம் மிஞ்சிக்கொண்டுதான் இருக்கும்.

வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். "என்னடி, வீட்டுக்குள்ள தோட்டம் போடுறியா?" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான் அழுதுவிட்டேன். அவர் உட்கார்ந்து விதை வைக்க எனக்குக் கைகொடுத்தார்.

பதினொரு கூறு வைத்துப் பார்த்தோம். இரண்டு மிஞ்சியது. என்னவோ அதைப் பார்த்ததும் மூச்சு வந்தது. இரண்டு என்றால் ஒன்றுக்கு ஒன்று துணை, அது யாரையும் தேடாது. ஆனால் பதினோராவது ஆளுக்கு எங்கே போக?

மறுபடி பத்துக் கூறு வைத்தோம். மிஞ்சிய விதையில் வெள்ளைத் தேமல் ஒன்று இருந்தது. அதை முறைத்துப் பார்த்தேன், மரத்தைப் பார்ப்பதுபோல. பிறகு எல்லாவற்றையும் கலைத்து ஒன்பதாக வைத்தோம். இப்போது மிஞ்சியது வெடித்த ஓட்டு விதை. தேமல் விதை எங்கே என்று தேடினேன். நாலாவது கூறில், மற்ற விதைகளோடு விதையாகக் கிடந்தது.

அதைக் கையில் எடுத்தேன்.

"என்ன?" என்றார் அவர்.

"இது இல்லங்க" என்றேன். "மிஞ்சுறது இது இல்ல."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு விதையை எடுத்து அடுப்பில் போட்டேன். மீதியைப் பத்தாக வைத்தோம், மிஞ்சவில்லை. ஒன்பது, எட்டு, ஏழு, எதற்கும் மிஞ்சவில்லை. இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது என்பது ஒன்று முதல் பத்து வரை யார் வந்து பங்கு கேட்டாலும் மனங்கோணாமல் கொடுத்தனுப்புகிற எண். அதன் தலையில் ஒன்றைக் கூடுதலாக வைத்துவிட்டால், வந்தவர் அத்தனை பேருக்கும் கொடுத்த பிறகும் அந்த ஒன்று நிற்கும். நின்றுதான் ஆகவேண்டும். எண்ணிக்கையின் குணம் அது. ஆனால் எது நிற்கும் என்பது எண்ணுகிறவர் கை எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது. எங்கள் கங்காணி எப்போதும் ரோட்டிலிருந்துதான் தொடங்கினார். வேறு எதுவும் இல்லை.

இது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. அறிவு ஒரு பக்கம் உட்கார்ந்தது, பயம் ஒரு பக்கம் உட்கார்ந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் படுத்திருந்தேன்.

திங்கட்கிழமை பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் நான் நகரவில்லை.

"என்ன புள்ள, கத்தி தீட்டலியா?"

"அய்யா, இன்னொரு தடவ எண்ணணுங்க."

"ஏன், கங்காணிக்கு எண்ணத் தெரியாதுங்கிறியா?"

"நல்லாத் தெரியுங்கய்யா. எத்தன தடவ எண்ணுனாலும் ஒண்ணு மிஞ்சும். ஆனா ஓடையிலேருந்து மேல எண்ணிக்கிட்டு வாங்க. மிஞ்சுறது அங்க மிஞ்சாது."

கங்காணி கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சுண்ணாம்புச் சட்டியைப் பார்த்தார். அந்த மரத்தில் என்னைக் கத்தி வைக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டியவர் அவர்தான்.

"எண்ணுங்களேன் கங்காணி" என்றாள் அக்கா. "மேலேருந்து எண்ணி நாலு பேரு போயாச்சு. கீழேருந்து எண்ணுனா ஏதாச்சும் திரும்பி வருதான்னு பாப்போம்."

ஆறு பேரும் கங்காணியோடு இறங்கினோம். ஓடைக்கரை மரத்தின் முன்னால் வந்ததும் அவர் நின்றார். கை நீட்டிப் பட்டையைத் தொட்டு, "ஒண்ணு" என்றார். பிறகு இரண்டு, மூன்று என்று போகப் போகக் குரல் தெளிந்தது. மேலே வரும்போது வெயில் ஏறிவிட்டது. ஆறாவது நானூற்று இருபது முடிந்த இடத்தில் அவர் சுண்ணாம்பு தடவினார். அதற்கு மேல் ஒரே ஒரு மரம் நின்றது. பெரட்டுக்களத்து ஓரத்து மரம். தண்டவாளத் துண்டைக் கட்டி, விடியற்காலையில் அடித்து எங்களை எழுப்புகிற மரம்.

அந்த மரத்தைத் தினமும் வெட்டியது அக்கா. மேட்டுப் பங்கின் முதல் மரம் அது. மங்கில் போன சனிக்கிழமைப் பால் ஆடை காய்ந்து ஒட்டியிருந்தது.

"அடப்பாவி" என்றாள் அக்கா, மெதுவாக. "இத்தன நாளா முனியத்தான் சீவிக்கிட்டு இருந்தேனா? அதான் தோள்பட்ட இந்த நோவு நோவுது."

முதலில் சிரித்தது கங்காணி. பிறகு எல்லாரும். அக்கா அங்கேயே கத்தியை எடுத்து அந்த மரத்தில் வழக்கமான கோட்டை இழுத்துவிட்டு, "நான் வெட்டுன மரம், நானே வெட்டிக்கிறேன். முனி வந்தா என் தோளுக்குத் தைலம் தேய்க்கச் சொல்றேன்" என்றாள்.

சிரிப்பு அடங்கியதும் கங்காணி என் பக்கம் திரும்பினார். "சரி புள்ள. இப்ப அந்த ஓடை மரம் மிஞ்சுனது இல்ல. உன் பங்குல மொத மரம். போய்க் கத்தி வை."

என் வாயாலேயே நான் கட்டுப்பட்டேன். மிஞ்சிய மரமாக இருந்தவரை மாட்டேன் என்று காலில் விழுந்து அழலாம். என் பங்கில் நானே எண்ணிச் சேர்த்துக்கொண்ட மரத்தை எப்படி மாட்டேன் என்பது?

கங்காணி கூடவே வந்தார். அதுவரை வெட்டாத மரம் என்பதால் பட்டையில் சாய்வாகக் கோடு கீறிக் காட்டிவிட்டு நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டார். நான் கத்தியை வைத்தேன். எண்ணெல்லாம் தலையிலிருந்து ஓடிப்போனது. ஓடைக்கு அந்தப் பக்கம் மண்மேடு தெரிந்தது. கத்தி தவறி ஆழமாக இறங்கி உள்மரத்தைத் தொட்டுவிட்டது. அதே நேரம் வயிற்றில் பிள்ளை ஒரு உதை உதைத்தது. நான் அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"காயம் பண்ணிட்டியே" என்றார் கங்காணி. திட்டுகிற குரலில்லை அது.

பால் உடனே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சொட்டு, பிறகு ஒரு சொட்டு. மற்ற மரத்துப் பால்தான் அது, வெள்ளையாக.

அதற்குப் பிறகு பிரசவம் வரை நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். இடுப்பு வலித்தால் அந்த மரம். தலை சுற்றினால் அந்த மரம். நான் போட்ட காயம் ஆறாமல் முடிச்சுப் போட்டு வீங்கிக்கொண்டு வந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிற்றைத் தடவிப் பார்ப்பேன். இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபதும் ஒன்றும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வெட்டுவேன். மற்றவர்கள் சாமி பேர் சொல்வதாக நினைத்தார்கள்.

அக்காதான் பிரசவம் பார்த்தாள். பெண் பிள்ளை. பிறந்ததும் அழவில்லை. அக்கா அதைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டியபோது, நான் கண்ணை மூடிக்கொண்டு, அந்த மரம் எடுத்துக்கொள்ளப் போகிறது, எண்ணியது தப்பு என்றுதான் நினைத்தேன். பிறகு பிள்ளை அழுதது. அந்த அழுகையை இன்னும் என்னால் கேட்க முடியும்.

விலை ஏறிய பிறகு புது ஆட்கள் வந்தார்கள். பதினொரு பேரானோம். இரண்டு மரம் மிஞ்சியது. கங்காணி இரண்டு பேருக்கு ஆளுக்கொன்று தள்ளிவிட்டார். முனியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கணக்குப் படித்த ஒருவர் ரொம்ப காலம் கழித்து என்னிடம் சொன்னார், அந்த எண்ணைப் பதினொன்று, பன்னிரண்டு என்று எத்தனை பங்காகப் போட்டாலும் சமமாக வராதாம். ஒரே ஆள் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது மரத்துக்கு ஒரு ஆள் நிற்க வேண்டுமாம். நான் ஆமாம் என்றேன். பத்து வரை நான் தரையில் வைத்துப் பார்த்தவள் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

என் மகள் உட்காரப் பழகிய நாட்களில் துணி துவைக்க ஓடைக்குப் போவேன். பாதை அந்த மரத்தை ஒட்டித்தான் போகும். அது என் பங்கில் முதல் மரம், நான் தினமும் கை வைக்கிற மரம், அதில் ஒன்றுமில்லை என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தத் தோட்டத்தில் இல்லை. ஆனாலும் அதன் கிட்டே வரும்போது பிள்ளையை மரத்துப் பக்க இடுப்பிலிருந்து மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொள்வேன். தாண்டிய பிறகும் திரும்பிப் பார்க்கமாட்டேன். அவள் மட்டும் என் தோளுக்கு மேலாக அதையே பார்த்துக்கொண்டு வருவாள்.